சிறுசேரி சுவிட்சுக்கு மணி என்ன?

மின்சாரம் போய்த் திரும்பி வந்த நெட்வொர்க் சுவிட்ச் ஒன்றிடம் மணி கேட்டால், பல நேரங்களில் இப்படித்தான் பதில் வரும்: "*00:01:12.345 யுடிசி திங்கள் மார்ச் 1 1993". சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் வரிசையில், பேட்டரியில் ஓடும் உள்கடிகாரம் இல்லாத சுவிட்சுகளுக்கு 1993 மார்ச் 1 நள்ளிரவுதான் காலத்தின் தொடக்கம். ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் அங்கிருந்துதான் எண்ணத் தொடங்கும். வரியின் தலையில் நிற்கும் நட்சத்திரக் குறியைப் பலரும் கவனிப்பதில்லை. இந்த நேரத்தை நம்பாதீர்கள், எனக்கே உறுதியில்லை என்று சுவிட்ச் சொல்லும் எச்சரிக்கை அது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் வெள்ளம் சூழ்ந்து மின்சாரம் இல்லாமல் கிடந்தது. கரண்ட் திரும்பியதும் தென்சென்னைப் புறநகரின் பள்ளிகளிலும் கிளினிக்குகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் எத்தனையோ சுவிட்சுகள் மறுபடி எழுந்தன. அவற்றில் நேரம் கேட்டு வாங்கும் ஏற்பாடு செய்யப்படாதவை அன்று முதல் தவறான தேதியில்தான் குறிப்பெழுதிக்கொண்டிருந்திருக்கும். விளக்கு எரிந்தது, நெட் வந்தது, ஆகவே யாருக்கும் குறை தெரியவில்லை.

பழைய மகாபலிபுரம் சாலையான ஓ.எம்.ஆரில் நாவலூரைத் தாண்டினால் சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா. டிசிஎஸ்ஸின் பிரம்மாண்டமான வளாகம் இங்கேதான். சிஃபி, அதானிகனெக்ஸ், ஈக்வினிக்ஸ் ஆகியவற்றின் தரவு மையங்களும் இங்கே வந்துவிட்டன. வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னலில்லாத கட்டடங்கள். உள்ளே வரிசை வரிசையாக ரேக்குகள். ஒவ்வொரு ரேக்கின் தலையிலும் ஒரு சுவிட்ச் அமர்ந்து, எந்த பாக்கெட் எந்தக் கேபிளில் போக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டிருக்கிறது. இந்தச் சுவிட்சுகள் எல்லாம் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். கேட்பதற்கு மிக எளிய காரியம்போல் தோன்றும். உண்மையில் இயற்பியலின் ஆழமான ஒரு சிக்கல் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

முதலில், சுவிட்சுக்கு மணி எதற்கு என்ற கேள்வி. பாக்கெட்டுகளைத் தள்ளிவிட மணி தேவையில்லை. 1993-ல் இருப்பதாக நம்பும் சுவிட்சும் உங்கள் மின்னஞ்சலைச் சரியாகவே கொண்டுபோய்ச் சேர்க்கும். இந்தக் கோளாறு ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் இருப்பதற்கு அதுவே காரணம். விவகாரம் என்று ஒன்று வரும் நாளில்தான் வெளிச்சத்துக்கு வரும்.

ஒரு நள்ளிரவில் யாரோ உள்ளே நுழைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஃபயர்வாலின் லாக் 2:14:07 என்கிறது. சர்வரில் புதிய கணக்கு திறக்கப்பட்டது 2:13:58. கடிகாரங்கள் சரியாக இருந்தால், வெளியிலிருந்து இணைப்பு வருவதற்கு முன்பே கணக்கு திறக்கப்பட்டுவிட்டது என்று பொருள். திருடன் உள்ளே இருக்கும் ஆள். சர்வரின் கடிகாரம் 20 விநாடி பின்தங்கியிருந்தால் கதை தலைகீழ், திருடன் வெளியாள். ஒருவருடைய வேலையும் மானமும் அந்த 20 விநாடியில் தொங்குகிறது. எது முன், எது பின் என்று தெரியாத லாக்கை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

இதை உணர்ந்துதான் இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவில், பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதோடு, கடிகாரத்தைப் பற்றியும் கட்டளையிட்டது. தரவு மையங்களும் நிறுவனங்களும் தங்கள் கணினிகளின் நேரத்தை தேசிய தகவலியல் மையத்தின் நேர சர்வர்களோடோ, தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடோ, அவற்றிலிருந்து வழிவந்த சர்வர்களோடோ இணைத்துக்கொள்ள வேண்டும். நேரம் சரியாக இருப்பது அதனால் சட்டக் கடமையாகிவிட்டது. இது நல்ல உத்தரவு என்பது என் எண்ணம். நேரத்தைப் பற்றிய அந்தப் பத்திதான் அதிகம் பேசப்படவில்லை.

ஒருமுறை கையால் சரியான நேரத்தை வைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. எல்லா மின்னணுக் கருவிகளிலும் இருப்பதுபோல் சுவிட்சிலும் ஒரு குவார்ட்ஸ் படிகம் அதிர்ந்துகொண்டிருக்கிறது. அந்த அதிர்வை எண்ணித்தான் அது விநாடியைக் கணக்கிடுகிறது. படிகத்தின் வேகம் வெட்டப்பட்ட விதத்தையும் வயதையும் வெப்பத்தையும் பொறுத்து மாறும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே ஒரு நாளில் 86.4 மில்லிவிநாடி தள்ளிப்போகும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகு என்பது சாதாரணப் படிகத்துக்கு இயல்பான அளவு. அப்படியானால் ஒரு நாளில் 1.7 விநாடி, ஒரு மாதத்தில் 50 விநாடிக்கு மேல். தரவு மையத்தின் குளிர்ந்த ஹாலில் இருக்கும் சுவிட்சும், தாம்பரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் படிக்கட்டுக்குக் கீழே ஏசி இல்லாத அலமாரியில் மே மாத வெயிலைத் தாங்கும் சுவிட்சும் ஒரே வேகத்தில் ஓடாது. இரண்டும் ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்யப்பட்டவையாக இருந்தாலும் ஓடாது. ஆகவே நேரத்தை வைத்துவிட்டுப் போக முடியாது. ஓயாமல் கேட்டுக்கேட்டுத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

யாரிடம் கேட்பது? இந்தக் கேள்விக்குச் சென்னை 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பதில் சொல்லியிருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவிய மதராஸ் வானியல் ஆய்வகம்தான் அந்தப் பதில். அங்கே கருவியைத் தாங்கி நின்ற கருங்கல் தூண், தமிழும் தெலுங்கும் உட்பட்ட கல்வெட்டு வரிகளோடு, வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அங்கு பணியாற்றிய ஜான் கோல்டிங்ஹாம் 1802-ல் மதராஸின் தீர்க்கரேகையைக் கணித்து, இந்த ஊரின் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது என்று நிறுவினார். விண்மீன்கள் உச்சிக்கோட்டைக் கடப்பதைப் பார்த்து ஆய்வகக் கடிகாரத்தைத் திருத்துவார்கள். அங்கிருந்து தந்தி வழியாக நேரம் வெளியே போகும். கோட்டையில் இரவு 8 மணிக்கு வெடித்த பீரங்கியைக் கேட்டு ஊரார் தங்கள் கடிகாரங்களைச் சரிசெய்துகொண்டார்கள்.

பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம் என்று இருந்த காலத்தில், இரண்டுக்கும் இடைப்பட்ட மதராஸ் நேரத்தைத்தான் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வே தன் நேரமாக எடுத்துக்கொண்டது. 1906 ஜனவரி 1 முதல் கிழக்கு 82.5 பாகைக்கான இந்தியத் திட்ட நேரம் வந்தபோது நம் ஊர்க் கடிகாரங்கள் ஏறத்தாழ 9 நிமிடம் முன்னே தள்ளப்பட்டன. வானத்தைப் பார்க்கும் ஒரு கடிகாரம், அதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் தந்தி நிலையங்கள், அவற்றைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் ரயில் நிலையக் கடிகாரங்கள். சிறுசேரியில் இன்று ஓடும் ஏற்பாட்டின் எலும்புக்கூடு இதேதான்.

இப்போது வானத்துக்குப் பதில் சீசியம் அணு. அந்த அணுவின் கதிர்வீச்சு 9,19,26,31,770 முறை அதிர்ந்தால் அது ஒரு விநாடி. டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அணுக் கடிகாரங்கள் இந்தியாவின் நேரத்தைக் காக்கின்றன. அணுக் கடிகாரம், ஜிபிஎஸ் அல்லது நாவிக் செயற்கைக்கோள் போன்ற மூலங்கள் 0-ஆம் அடுக்கு. அவற்றோடு நேரடியாக இணைந்த சர்வர்கள் 1-ஆம் அடுக்கு. அவர்களிடம் கேட்பவர்கள் 2-ஆம் அடுக்கு. இப்படி 15 வரை போகலாம். 16 என்றால் இந்தக் கருவி யாரோடும் ஒத்திசையவில்லை என்று பொருள். இந்த ஏற்பாட்டுக்கு என்டிபி என்று பெயர். பின்னர் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியரான டேவிட் மில்ஸ் 1985-ல் இதை முறையாக எழுதி வெளியிட்டார். கண் நோயோடு பிறந்து, பிற்காலத்தில் பார்வையை இழந்த நிலையிலும் இதைச் செம்மைப்படுத்திக்கொண்டே இருந்தவர். 2024 ஜனவரியில் காலமானார். உலகத்தின் கைபேசிகளும் வங்கிகளும் இன்று ஒரே நேரம் காட்டுவதில் அவருக்குள்ள பங்கு மிகப் பெரிது.

இனி அந்த ஆழமான சிக்கலுக்கு வருவோம். டெல்லியிடம் மணி கேட்டால் பதில் வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிடும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். டெல்லிக்கும் சென்னைக்கும் நேர்கோட்டுத் தூரமே சுமார் 1,750 கிலோமீட்டர் என்பதால், ஒரு வழிப் பயணத்துக்குக் குறைந்தது சுமார் 9 மில்லிவிநாடி. உண்மையில் கேபிள் சுற்றிச் சுற்றிப் போவதாலும், வழியில் ரவுட்டர்களில் வரிசையில் நிற்பதாலும் இன்னும் கூடுதல். எவ்வளவு கூடுதல் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். அந்தத் தாமதத்தை அளக்காமல் நேரத்தை வாங்க முடியாது.

சிறுசேரியில் இருக்கும் உங்களுக்கு மத்திய கைலாஷில் உள்ள கடிகாரம் என்ன காட்டுகிறது என்று தெரிய வேண்டும். ஒரு பையனிடம் சீட்டு கொடுத்து பைக்கில் அனுப்புகிறீர்கள். கிளம்பும்போது உங்கள் கடிகாரத்தில் மாலை 6:00. அங்கே போய்ச் சேரும்போது அங்குள்ள கடிகாரத்தில் 6:40, சீட்டில் குறிக்கிறார்கள். அவன் திரும்பக் கிளம்பும்போது அங்கே 6:45; அதையும் குறிக்கிறார்கள். உங்களிடம் வந்து சேரும்போது உங்கள் கடிகாரத்தில் 7:15. மொத்தம் 75 நிமிடம். அங்கே நின்ற 5 நிமிடத்தைக் கழித்தால் சாலையில் போனது 70. போகப் பாதி, வரப் பாதி என்று வைத்தால் 35. அப்படியானால் அவன் அங்கே சேர்ந்தபோது உங்கள் கடிகாரம் 6:35 காட்டியிருக்கும், அங்கே 6:40. ஆக உங்கள் கடிகாரம் 5 நிமிடம் பின்தங்கியிருக்கிறது. என்டிபி செய்யும் கணக்கு இவ்வளவுதான். நான்கு நேரக் குறிப்புகள், இரண்டு கழித்தல், ஒரு கூட்டல், இரண்டால் வகுத்தல்.

ஆனால் மாலை 6 மணிக்கு ஓ.எம்.ஆர். எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஊருக்குள் போகும் பக்கம் வண்டிகள் ஊர்கின்றன என்றும், வரும் பக்கம் காலியாக இருந்தது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். போக 45 நிமிடம், வர 25. மொத்தம் அதே 70. சீட்டில் அதே எண்கள். ஆனால் உண்மை என்ன? அவன் அங்கே சேர்ந்தபோது உங்கள் கடிகாரம் 6:45 காட்டியிருக்கிறது, அங்கே 6:40. உங்கள் கடிகாரம் 5 நிமிடம் முந்தியிருக்கிறது! கணக்கு பின்தங்கியிருப்பதாகச் சொல்லி, இன்னும் 5 நிமிடம் முன்னே தள்ளச் சொல்கிறது. போகும் தாமதத்துக்கும் வரும் தாமதத்துக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி அளவு பிழை நுழைந்துவிடும். சீட்டில் உள்ள நான்கு எண்களை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க வழியில்லை. எத்தனை முறை பையனை அனுப்பினாலும், நெரிசல் ஒரே பக்கம் இருக்கும்வரை, கண்டுபிடிக்க முடியாது.

இது பொறியாளர்களின் திறமைக்குறைவு அல்ல. தூரத்தில் உள்ள இரண்டு கடிகாரங்களை ஒத்திசைக்க, போகவும் வரவும் ஒளிக்கு ஒரே நேரம் ஆகிறது என்று நாம் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதை 1905-ல் ஐன்ஸ்டைன் தன் சார்புக் கோட்பாட்டுக் கட்டுரையின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். நெட்வொர்க்கில் அந்த அனுமானம் அடிக்கடி உடைகிறது. சென்னையிலிருந்து போகும் பாக்கெட் மும்பை வழியாகவும், பதில் ஹைதராபாத் வழியாகவும் வரக்கூடும். ஒரு பக்கம் 20 மில்லிவிநாடி கூடுதலானால் உங்கள் நேரத்தில் 10 மில்லிவிநாடி பிசகு சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும். கடிகாரத்தை ஒத்திசைக்கும் தொழிலில் கடிகாரத்தைவிடப் பாதையைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சுவிட்சில் இதை எப்படி அமைக்கிறார்கள்? ஒரு வளாகத்தில் 200 சுவிட்சுகள் இருந்தால் 200-உம் டெல்லியைக் கேட்கக் கூடாது. இரண்டு கோர் சுவிட்சுகள் வெளியே கேட்க வேண்டும். மற்றவை எல்லாம் அந்த இரண்டையும் கேட்க வேண்டும். வளாகத்துக்குள் பாதை குறுகியது, நெரிசல் குறைவு, போகவும் வரவும் ஆகும் தாமதம் ஏறத்தாழ சமம். ஆகவே உள்ளே உள்ளவர்களுக்குள் ஒற்றுமை மில்லிவிநாடிக்குள் நின்றுவிடும். லாக்குகளை ஒப்பிடுவதற்கு இந்த ஒற்றுமைதான் முதலில் வேண்டியது.

கோர் சுவிட்ச் எத்தனை பேரிடம் கேட்க வேண்டும் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஒருவரிடம் கேட்டால் அவர் சொல்வதே வேதம். இருவரிடம் கேட்டு இருவரும் வேறு வேறு சொன்னால் யார் சரி என்று தெரியாது. மூவர் இருந்தால் பெரும்பான்மை உண்டு. நான்கு பேர் இருந்தால் ஒருவர் பழுதாகிப்போனாலும் பெரும்பான்மை மிஞ்சும். 2012 நவம்பர் 19 அன்று அமெரிக்கக் கடற்படை வானியல் ஆய்வகத்தின் நேர சர்வர்கள் சிறிது நேரம் 2000-ஆம் ஆண்டைச் சொல்லின. உலகத்தின் மிக நம்பகமான மூலங்களில் ஒன்று அது. அதை மட்டும் நம்பியிருந்த நிறுவனங்களில் கணினிகள் 12 ஆண்டு பின்னே போய், ஆட்கள் உள்நுழையவே முடியாமல் தவித்தார்கள். நான்கு பேரைக் கேட்டிருந்தவர்களுக்கு எதுவும் நடக்கவில்லை.

அமைத்துவிட்டுச் சுவிட்சின் என்டிபி பட்டியலைப் பார்த்தால், ஒவ்வொரு சர்வர் பெயருக்கும் முன்னால் ஒரு குறி இருக்கும். நட்சத்திரம் இருந்தால் இப்போது இவரைத்தான் பின்பற்றுகிறேன் என்று பொருள். கூட்டல் குறி, இவரும் நம்பத் தக்கவர். எக்ஸ் குறி, இவர் பொய் சொல்கிறார், தள்ளிவைத்துவிட்டேன். (நேரத்தைக் காட்டும் வரியின் தலையில் வரும் நட்சத்திரம் அவநம்பிக்கையின் குறி, இங்கே வருவது நம்பிக்கையின் குறி. புதிதாக வேலைக்கு வருபவர்கள் இங்கே குழம்புவது சகஜம்.) அதே வரியில் ரீச் என்ற கட்டத்தில் 377 என்று இருக்க வேண்டும். அது எட்டடிமான எண். கடைசி எட்டு முறை கேட்டதற்கும் பதில் வந்தது என்பதை எட்டு ஒன்றுகளாக எழுதி, அதை எட்டடிமானத்தில் படித்தால் 377. அது 376 ஆனால் கடைசிக் கேள்விக்குப் பதில் வரவில்லை. 0 என்றால் ஃபயர்வாலில் யுடிபி 123 என்ற போர்ட் அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும்.

பொறுமையும் வேண்டும். தொடக்கத்தில் 64 விநாடிக்கு ஒருமுறைதான் கேட்கும், பிறகு நிதானமானதும் 1,024 விநாடி வரை இடைவெளி விடும். கட்டளை கொடுத்து ஒரு நிமிடத்தில் சிங்க் ஆகவில்லையே என்று எல்லாவற்றையும் அழித்து மறுபடி எழுதுபவர்கள் ஒருபோதும் சிங்க் ஆக விடமாட்டார்கள். சிறு பிசகை என்டிபி ஒரே தாவலில் திருத்துவதில்லை. கடிகாரத்தைச் சற்றே வேகமாகவோ மெதுவாகவோ ஓடவிட்டுத் திருத்துகிறது. விநாடிக்கு அரை மில்லிவிநாடிதான் அதிகபட்சம். காலம் பின்னோக்கிப் போனால் லாக்கில் ஒரே நேரம் இரண்டு முறை வரும். அதைத் தவிர்க்கத்தான் இந்த நிதானம். பிசகு 128 மில்லிவிநாடியைத் தாண்டினால்தான் தாவல். 1993-லிருந்து இன்றைக்கு வர வேண்டிய சுவிட்சுக்கு முதல் தாவல் தவிர வேறு வழியில்லை.

என்டிபி சுமந்து வருவது உலகப் பொது நேரத்தை (யுடிசி) மட்டுமே. இந்திய நேரம் என்பதை ஒவ்வொரு கருவியிலும் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு லாக்குகளுக்கிடையே சரியாக ஐந்தரை மணி நேரம் இடித்தால், ஒத்திசைவில் எந்தக் குறையும் இல்லை, யாரோ ஒரு கருவியில் நேர மண்டலத்தை எழுத மறந்திருக்கிறார்கள். பல நாடுகளில் கிளை உள்ள நிறுவனமானால் எல்லாவற்றையும் உலகப் பொது நேரத்திலேயே வைத்துக்கொள்வது மேல். சென்னையை விட்டு வெளியே போகாத நிறுவனத்துக்கு இந்திய நேரமே வசதி. இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

யார் வேண்டுமானாலும் நேரம் சொல்லலாம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று கதவைத் திறந்து வைப்பது ஆபத்து. என்டிபி-யின் பழைய வடிவங்களில், யார் யார் என்னிடம் நேரம் கேட்டார்கள் என்று பட்டியல் தரும் ஒரு கட்டளை இருந்தது. சிறிய கேள்விக்கு நீண்ட பதில் வரும். கேட்பவரின் முகவரியைப் பொய்யாக எழுதி, அந்த நீண்ட பதில்களை எல்லாம் ஒரே இலக்கின் மேல் கொட்டவைத்து, 2014 பிப்ரவரியில் விநாடிக்கு 400 கிகாபிட் அளவுக்குத் தாக்குதல் நடத்தினார்கள். அதனால் சுவிட்ச் யாருக்குப் பதில் சொல்லலாம் என்ற பட்டியலையும், நேரம் சொல்பவரை அடையாளம் காணும் சாவியையும் சேர்த்தே எழுத வேண்டும். சான்றிதழ் வைத்து நேரத்தைப் பாதுகாக்கும் புதிய முறை 2020-ல் வந்தது. அதில் ஒரு முடிச்சு உண்டு. சான்றிதழ் செல்லுமா என்று பார்க்கச் சரியான தேதி வேண்டும். சரியான தேதிக்குச் சான்றிதழ் வேண்டும். 1993-ல் விழித்தெழும் சுவிட்சுக்கு இன்றைய சான்றிதழ் எதுவும் இன்னும் பிறக்கவேயில்லை. பேட்டரியோடு கூடிய உள்கடிகாரம் உள்ள சுவிட்சுக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுப்பது வீண் அல்ல.

லாக் எழுத மில்லிவிநாடி போதும். அதே சாலையில் நிற்கும் கைபேசிக் கோபுரங்களுக்குப் போதாது. 2022 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்த 5ஜி-யின் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், கோபுரம் பேசுவதும் கைபேசி பேசுவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கிறது. எல்லாக் கோபுரங்களும் ஒரே கணத்தில் பேசி, ஒரே கணத்தில் வாய்மூடிக் கேட்க வேண்டும். நாவலூர்க் கோபுரம் கேட்டுக்கொண்டிருக்கும்போது சிறுசேரிக் கோபுரம் பேசினால், பலவீனமான கைபேசியின் குரல் அதில் அமுங்கிவிடும். அனுமதிக்கப்பட்ட பிசகு 1.5 மைக்ரோவிநாடி மட்டுமே.

இதற்குத்தான் பிடிபி என்ற முறை. ஐ.இ.இ.இ. 1588 என்ற தர ஆவணமாக 2002-ல் வந்து, 2008-லும் 2019-லும் திருத்தப்பட்டது. கணக்கு பழைய நான்கு குறிப்புக் கணக்குதான். வித்தியாசம், குறிப்பு எழுதும் இடத்தில். என்டிபி-யில் மென்பொருள் எழுதுகிறது. அதற்குள் சுவிட்சின் புராசஸர் வேறு வேலையில் மூழ்கியிருக்கலாம். பிடிபி-யில் பாக்கெட் போர்ட்டைத் தொடும் கணத்தில் வன்பொருளே நேரத்தைக் குறித்துவிடும். வழியில் உள்ள ஒவ்வொரு சுவிட்சும் இதில் பங்கேற்க வேண்டும். ஒருவகைச் சுவிட்ச், பாக்கெட் தன் வயிற்றுக்குள் எத்தனை நானோவிநாடி காத்திருந்தது என்று அளந்து அந்த பாக்கெட்டின் மேலேயே எழுதி அனுப்பும். இன்னொரு வகை, மேலே இருப்பவரிடம் தான் நேரம் வாங்கி, கீழே இருப்பவர்களுக்குத் தானே கடிகாரமாக நிற்கும். நடுவில் பிடிபி தெரியாத ஒரு மலிவான சுவிட்சைச் செருகிவிட்டால் அதன் வரிசையில் நிற்கும் நேரம் கணக்கில் வராமல், மொத்த உழைப்பும் வீணாகும்.

இங்கேயும் பாதைச் சிக்கல் விடாது. இழையில் ஒரு மீட்டருக்கு 5 நானோவிநாடி. போகும் இழையைவிட வரும் இழை 100 மீட்டர் நீளமாக இருந்தால் 250 நானோவிநாடி பிழை. 1.5 மைக்ரோவிநாடி என்ற மொத்த அனுமதியில் ஆறில் ஒரு பங்கை ஒரு சுருள் இழை தின்றுவிடும். எந்தக் கட்டளையாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. இழையை அளந்து, சுவிட்சில் எண்ணாக எழுதித்தான் தீர்க்க வேண்டும். சாலை தோண்டும்போது அறுந்த கேபிளை அவசரமாக ஒட்டுபவர் ஒரு பக்கம் மட்டும் நீளத்தைக் கூட்டிவிட்டால், அந்த எண் பொய்யாகிவிடும். மெட்ரோ பணி நடந்துவரும் ஓ.எம்.ஆரில் இது வெறும் கற்பனை அல்ல.

பிடிபி-யில் இன்னொரு பொறி. எந்தக் கடிகாரம் தலைமை என்பதைக் கருவிகள் தாங்களே தேர்ந்தெடுக்கும். முன்னுரிமை எண் குறைவாக இருப்பவர் வெல்வார். கருவியைச் சோதிக்க யாரோ கொண்டுவந்து செருகிய பெட்டியில் அந்த எண் குறைவாக இருந்தால், வளாகம் முழுவதும் ஒரு நொடியில் அதன் பின்னால் போய்விடும். தலைமை தாங்க வேண்டிய இரண்டு கடிகாரங்களுக்கு எண்ணைக் கையால் எழுதி, மற்ற போர்ட்டுகளில் தலைமைக் குரல் உள்ளே வராதபடி தடுத்துவைப்பது அவசியம்.

ஒத்திசைவு சரியாக இருந்தும் காலமே ஒரு படி தடுக்கிய நாள்களும் உண்டு. பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுக்க 1972 முதல் 27 முறை ஒரு விநாடி கூட்டப்பட்டிருக்கிறது. உலகப் பொது நேரத்தில் நள்ளிரவு என்பதால் நமக்கு அது அதிகாலை 5:30. 2012 ஜூலை 1 அன்று அப்படிக் கூட்டியபோது லினக்ஸ் சர்வர்கள் பல திணறி, குவாண்டாஸ் விமான நிறுவனத்தின் பயணிகள் வரிசையில் காத்துக்கிடந்தார்கள். கடைசியாகக் கூட்டியது 2017 ஜனவரி 1. இந்த வழக்கத்தை 2035-க்குள் கைவிட 2022-ல் உலக எடையளவு மாநாடு முடிவு செய்துவிட்டது. நல்ல முடிவு.

நம் நாட்டின் நேரம் அயல்நாட்டுச் செயற்கைக்கோள்களை நம்பியிருக்கக் கூடாது என்ற எண்ணமும் வலுத்திருக்கிறது. நுகர்வோர் விவகாரத் துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட இந்தியத் திட்ட நேர வரைவு விதிகள், சட்டம், வணிகம், நிர்வாகம் எல்லாவற்றுக்கும் இந்தியத் திட்ட நேரத்தையே கட்டாயமாக்கப் பார்த்தன. இஸ்ரோவும் தேசிய இயற்பியல் ஆய்வகமும் துணைநிற்க, அணுக் கடிகார நேரத்தை அகமதாபாத், பெங்களூரு, புவனேஸ்வர், ஃபரிதாபாத், குவாஹாட்டி ஆகிய ஐந்து ஊர்களின் ஆய்வகங்களிலிருந்து வழங்கும் திட்டமும் அதோடு சேர்ந்தது. பெங்களூரு நமக்கு டெல்லியைவிட மிக அருகில். பாதை குறுகினால் போக்குக்கும் வரத்துக்கும் உள்ள வித்தியாசமும் குறையும். தரவு மையங்கள் இத்தனை குவிந்துவிட்ட சென்னைக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. மதராஸ் நேரத்தைப் பெற்ற ஊர் இது.

பெரிய தரவு மையங்களில் இதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். என் கவலை தாம்பரத்திலும் மேடவாக்கத்திலும் கேளம்பாக்கத்திலும் உள்ள பள்ளிகளின், மருத்துவமனைகளின், சிறு தொழிற்கூடங்களின் சுவிட்சுகள் பற்றியது. சிசிடிவி பதிவில் மணி தவறாக இருந்தால் காவல் நிலையத்தில் உங்கள் சாட்சிக்கு மதிப்புக் குறையும். அங்கே நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர் நீங்களானால், நாளை வேலைக்குப் போனதும் ஒவ்வொரு சுவிட்சிலும் மணி என்ன என்று கேளுங்கள். நேரத்தின் முன்னால் நட்சத்திரம் நின்றால் நான்கு நேர சர்வர்களை எழுதுங்கள். இரண்டு தேசிய தகவலியல் மையத்தின் சமய் சர்வர்கள், ஒன்று தேசிய இயற்பியல் ஆய்வகம், நான்காவது அவற்றிலிருந்து நேரம் எடுக்கும் உங்கள் இணையச் சேவையாளரின் சர்வர். நேர மண்டலத்தை எழுதுங்கள், யுடிபி 123-ஐத் திறந்துவிடுங்கள், கான்ஃபிக்கைச் சேமிக்க மறக்காதீர்கள். சில மணி நேரம் கழித்து ரீச் கட்டத்தில் 377 வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.